இளங்கலைத் தமிழ் முடித்தபின் முதுகலையில் ஒப்பிலக்கியம் எடுக்கலாமா?

நாஞ்சில் மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பருவத்தில் ஒப்பிலக்கியம் என்றொரு தாள் எங்களுக்கு இருந்தது. கம்பனும் மில்டனும், பாரதியும் ஷெல்லியும் என்று இருவர் இருவராக நிறுத்தி, ஒற்றுமைகளை ஒரு பக்கமும் வேற்றுமைகளை மறுபக்கமும் எழுதி மனப்பாடம் செய்தோம். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால், ஒப்பிட்டு முடித்தபின் புதிதாக என்ன தெரிந்துகொண்டாய் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தபோது விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறைதான் இத்துறையின் மேல் எனக்கு ஆர்வத்தை உண்டாக்கியது என்றால் சிரிப்பீர்கள்.

முதுகலையில் ஒப்பிலக்கியத்தையே முதன்மைப் பாடமாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஜாதவ்பூர், ஹைதராபாத், டெல்லி ஆகிய இடங்களில் இதற்கெனத் துறைகள் இருப்பதாக அறிந்தேன். அங்கே உண்மையில் எதைக் கற்பிக்கிறார்கள்? தமிழைத் தவிர வேறு எந்த மொழியிலும் நான் சரளமாகப் படித்ததில்லை. ஆங்கிலம் தேர்வு எழுதும் அளவுக்குத்தான் வரும். அம்மாவைப் பெற்ற பாட்டி மலையாளம் பேசுவார், எனக்குக் கேட்டால் புரியும், எழுத்துத் தெரியாது. இதை ஒரு மொழியறிவாகக் கணக்கில் கொள்வார்களா? கடைசியாக, என் அப்பா கேட்கச் சொன்ன கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பழைய மாணவன் (மறுமொழி):

வணக்கம் தங்கை. நானும் இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை ஒப்பிலக்கியம் படித்தவன். அங்கே எதைக் கற்பிக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, ஒரு வகுப்பில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும்.

முதல் பருவத்தில் மொழிபெயர்ப்பைப் பற்றிய வகுப்பு. நாங்கள் பதினோரு பேர். ஒடியா, மராத்தி, தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஆளுக்கொரு தாய்மொழி. ஆசிரியர் குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில ஆக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தமிழ் மூலத்தைச் சொல் சொல்லாக விளக்கும்படி என்னைக் கேட்டார். 'செம்புலப் பெயல் நீர் போல' என்ற அடிக்கு வந்தபோது, பள்ளியிலிருந்து பலமுறை படித்த அந்த உவமையில் நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. தமிழில் உவமையாக நிற்பது நீர் ஒன்றுதான். செம்மண் நிலத்தில் பெய்து, மண்ணின் நிறத்தை ஏற்றுக்கொண்ட நீர். ராமானுஜனின் ஆங்கிலத்திலோ 'செம்மண்ணும் பெய்யும் மழையும்' என்று இரண்டு பொருள்கள் சமமாக நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்துவிட்டார் என்று நான் சற்றுப் பெருமிதத்தோடு சொன்னேன். ஆசிரியர் மறுக்கவில்லை, அடுத்த அடியையும் சொல்லுங்கள் என்றார். 'அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே' என்று வரும் அந்த அடியில் வினை பன்மை. கலந்தவை இரண்டு நெஞ்சங்கள். அந்த இரண்டைக் காப்பாற்றத்தான் ராமானுஜன் உவமையையும் இரண்டாகப் பிரித்தாரோ என்று மராத்தி நண்பர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் அதைப் பிழை என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

அந்த வகுப்பு அத்தோடு நிற்கவில்லை. அந்த நண்பர் அடுத்த வாரம் மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் உள்ள காதா சப்தசதியிலிருந்து சில பாடல்களைக் கொண்டுவந்தார். தலைவி தோழியிடம் பேசுவது, ஊரார் அலர் தூற்றுவது, மழைக்காலம் வந்தும் திரும்பாதவனை எண்ணி வருந்துவது என எல்லாம் நம் அகப்பாடல்களைப் போலவே இருந்தன. உங்கள் தேர்வுத்தாளாக இருந்தால் 'ஒற்றுமைகள்' என்ற தலைப்பிட்டு இங்கேயே முடித்திருப்போம். இங்கோ கேள்வியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? ஒன்று மற்றொன்றிலிருந்து பெற்றதா, இரண்டும் தக்காணத்தின் வாய்மொழிப் பாடல் மரபு ஒன்றிலிருந்து கிளைத்தனவா, அல்லது ஒத்த வாழ்க்கை ஒத்த பாடல்களைத் தானாகவே பிறப்பித்ததா? அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் இரண்டாவது விடையை வாதிட்டிருக்கிறார். அதை ஏற்பதா மறுப்பதா என்பதற்காக நாங்கள் ஒரு பருவம் முழுவதும் படித்தோம். முதுகலை ஒப்பிலக்கியத்துக்கும் நீங்கள் எழுதிய தாளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆங்கிலத்தைப் பற்றி: விவாதமும் கட்டுரையும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். என் முதல் கட்டுரை சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. இரண்டாம் பருவத்துக்குள் பழகிவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் என் மதிப்பு ஆங்கிலத்தால் வந்ததன்று, தமிழ் மூலத்தைத் தங்குதடையின்றிப் படிக்கத் தெரிந்ததால் வந்தது. ஆகவே இங்கே இருக்கும்வரை சங்கப் பாடல்களை உரையோடு நிறையப் படித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (மறுமொழி):

அம்மா, உன் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். மேலே எழுதியிருக்கும் தம்பி நன்றாகச் சொன்னார். ஆயினும் ஒரு செய்தியில் அவரோடு நான் வேறுபடுகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இத்துறைக்கு நம் நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. 1907இல் கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகத்தார் ஒப்பிலக்கியம் பற்றிப் பேச அழைத்தபோது, தாகூர் அதை வங்காளத்தில் 'விசுவ சாகித்தியம்' (உலக இலக்கியம்) என்றே குறிப்பிடப்போவதாகச் சொல்லிப் பேசினார். அந்தக் கழகத்தின் வழியில் வளர்ந்த ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில்தான் 1956இல் புத்ததேவ போஸ் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். அவரே பெரிய கவிஞர். பிரெஞ்சுக் கவி போதலேரையும் காளிதாசரின் மேகதூதத்தையும் வங்காளத்தில் தந்தவர். துறையைத் தொடங்கியவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் இத்துறை வேறு வழியில் வளர்ந்தது. பிரெஞ்சு அறிஞர்கள், ஒரு படைப்பாளர் இன்னொருவரைப் படித்ததற்குச் சான்று இருந்தால்தான் ஒப்பிடலாம் என்றனர். இப்படிக் கணக்கெழுதுவதுபோல் கடனும் வரவும் பார்ப்பது இலக்கியமாகாது என்று அமெரிக்காவில் ரெனே வெல்லக் 1958இல் கடுமையாகச் சாடினார். மாணவர்கள் இந்த இரு கட்சிகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நானோ சான்று தேடும் கட்சியை அவ்வளவு எளிதாகக் கைவிடமாட்டேன். ஏன் என்று சொல்ல ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கல்கத்தாவிலிருந்து வந்த மாடர்ன் ரிவ்யூ இதழில் உயோநே நோகுச்சி என்ற ஜப்பானியப் புலவர் எழுதியதைப் படித்த செய்தியோடு அது தொடங்குகிறது. பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். இப்போது அந்தக் கவிதை வந்த பாதையை எண்ணிப் பார். ஜப்பானிய மொழியில் பிறந்தது, ஜப்பானியர் ஒருவரின் ஆங்கிலத்தில் ஏறி, கல்கத்தாவில் அச்சாகி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊரில் இருந்த ஒரு தமிழ்க் கவியின் கைக்கு வந்து, சென்னைப் பத்திரிகை ஒன்றில் தமிழாக வெளிவந்திருக்கிறது. லண்டன் இந்தப் பாதையில் எங்குமே இல்லை. பாரதியையும் ஜப்பானியக் கவி ஒருவரையும் எதிரெதிரே நிறுத்தி, இருவரும் இயற்கையைப் பாடினர் என்று எழுதும் மாணவருக்கு இந்தப் பாதை தெரியவே தெரியாது. சான்றைத் தேடியவருக்குத்தான், ஆசிய நாடுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க விரும்பிய ஒரு காலமே கண்ணுக்குத் தெரியும். கட்டுரை இரண்டு மூன்று பக்கந்தான். ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.

இனி, தம்பியோடு வேறுபடும் இடம். முதலில் முதுகலைத் தமிழை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்தில் ஒப்பிலக்கியத்துக்குப் போ என்பதே என் கருத்து. இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதியை எடுத்துக்கொள். பேராதனையில் தமிழை ஆழப் படித்துவிட்டு, அதன்பின் பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களை ஹோமரோடும் பிற வீரயுகப் பாடல்களோடும் வைத்துப் பார்த்து, புறப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் வாய்மொழிப் பாணர் மரபின் அடையாளம் என்று அவர் வாதிட்ட நூல் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. மறு ஆண்டே 'ஒப்பியல் இலக்கியம்' என்ற அவருடைய நூல் தமிழில் வந்தது. அவருடைய முடிவை ஏற்காதவர்கள் உண்டு. மேலே தம்பி குறிப்பிட்ட ஹார்ட்டே, சங்கப் பாடல்கள் பாணர்களின் பாடலைப் பின்பற்றி எழுத்தறிவுள்ள புலவர்கள் இயற்றியவை என்றுதான் கருதினார். ஆனால் அந்த வாதத்தைத் தொடங்குவதற்கே புறநானூறு முழுவதும் கைலாசபதிக்குக் கைவசம் இருக்கவேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கூடுதலாகத் தமிழ் படிப்பதால் நீ இழக்கப்போவது ஒன்றுமில்லை.

இரு பட்டக்காரி (மறுமொழி):

உங்கள் அப்பாவின் கேள்விக்கு என்னால் மட்டுமே நேராகப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கான விலையைக் கொடுத்தவள் நான்.

இளங்கலைத் தமிழ், முதுகலை ஒப்பிலக்கியம், பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் (அங்கே இது தனிப் பாடமாகவே இருக்கிறது), அதில் ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தது. இந்த உதவித்தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். உதவித்தொகை வந்ததால் முனைவர் பட்டம் முடியும்வரை வீட்டில் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேள்வி அதன்பிறகு வந்தது. நம் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பித்தபோது, முதுகலையும் தமிழாக இருக்கவேண்டும் என்றார்கள். ஆங்கிலத் துறைக்கு விண்ணப்பித்தபோது, இளங்கலை தமிழாயிற்றே என்றார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. என் பட்டம் தமிழுக்கு இணையானது என்று சான்று பெறலாம் என ஒருவர் சொன்னதைக் கேட்டு விண்ணப்பித்தேன். கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பதினான்கு மாதம் நடந்தது. ஒவ்வொரு முறை நேரில் போகும்போதும் முதுகலைப் பாடத்திட்டத்தின் நகலைக் கேட்டார்கள். நான்காம் முறை ஒரு கட்டாகப் பத்துப் படிகள் எடுத்துக்கொண்டு போனேன்; அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கடைசியில் முதுகலைத் தமிழை அஞ்சல்வழியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தேன். இப்போது கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். நான் படித்த ஒப்பிலக்கியம் வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். சிலப்பதிகாரத்தை நான் நடத்தும் விதமே அதனால் மாறியிருக்கிறது. ஆனால் இந்த வரிசையை முன்பே அறிந்திருந்தால் நான்கு ஆண்டுகளை மிச்சப்படுத்தியிருப்பேன். 2022 முதல் இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது. அந்த வழியில் ஒப்பிலக்கியத்தை நேரிலும் தமிழைத் தொலைநிலையிலும் படிக்கலாம். அப்படிப் பெற்ற பட்டத்தைப் பணியமர்த்துபவர்கள் ஏற்பார்களா என்பதை மட்டும் சேர்வதற்கு முன்பே எழுத்துமூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பாதீர்கள்.

ஆசிரியர் வேலை மட்டுமே வேலை என்று நினைக்கத் தேவையில்லை. மைசூருவிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் போன்ற அமைப்புகளுக்கும், பல மொழிகளில் நூல் வெளியிடும் பதிப்பகங்களுக்கும் இரு மொழி மூலத்தையும் படித்துச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள் என்பதையும் அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

கரமனைக்காரர் (மறுமொழி):

திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். எல்லோரும் பாட்டியை விட்டுவிட்டார்களே என்றுதான் எழுத வந்தேன்.

கேட்டால் புரியும், எழுத்துத் தெரியாது என்று நீங்கள் குறையாகச் சொன்னது உண்மையில் பெரிய முதல். வங்காளமோ பிரெஞ்சோ கற்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் இடத்தில், உங்களுக்கு மலையாளத்தைப் படிக்கச் சில மாதங்கள் போதும். தமிழும் மலையாளமும் பிரிந்த இடத்தில் நிற்கும் நூல்களைப் பாருங்கள். இராமசரிதம் என்ற பழைய பாட்டு நூல் யுத்த காண்டத்தை முதன்மையாகக் கொண்டது. மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு இலக்கணம் சொன்ன லீலாதிலகம், பாட்டு என்ற வகைக்கு இலக்கணம் வகுக்கும்போது அது திராவிட எழுத்துகளால் மட்டுமே அமைந்து, எதுகையும் மோனையும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. இராமசரிதத்துக்கு அது அப்படியே பொருந்தும். மலையாளிகள் அதைத் தங்கள் முதல் காவியங்களுள் ஒன்றாகப் படிக்கிறார்கள். நம்மவர் அதைப் படிப்பதே அரிது. கம்பனின் யுத்த காண்டத்தை அறிந்த ஒருவர் அதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது தமிழ், எது மலையாளம் என்ற எல்லைக்கோடு எந்த நூற்றாண்டில் யார் போட்டது என்ற கேள்வியே எழும். இந்தக் கேள்வியை ஆராய உங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1956 வரை நீங்களும் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தீர்கள்!

பல்கலைக்கழகத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அங்கே என்ன மொழி கிடைக்கும் என்று பார்ப்பது பலர் செய்யும் தவறு. மொழியை முதலில் முடிவுசெய்யுங்கள். வங்காள இலக்கியத்தில் ஈடுபாடு இருந்தால் ஜாதவ்பூர் சரி. அது மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் சேர்க்கை அறிவிப்பைத் தனியே பார்க்க வேண்டும். மலையாளம் என்றால் காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே துறையின் பெயரே ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் என்பது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நவீன இந்திய மொழிகள் துறையில் ஒப்பீட்டு இந்திய இலக்கியம் என முதுகலை உண்டு. இந்திய மொழிகளுக்குள்ளேயே ஒப்பிட விரும்புபவருக்கு அது ஏற்றது, தமிழும் அத்துறையில் இருக்கிறது.

பழைய மாணவன் (மறுமொழி):

ஐயா சொன்ன வரிசைக்கு ஒரு சிறு மறுப்பு. கைலாசபதியின் காலத்தில் ஒப்பியல் முறையைக் கற்பிக்கும் முதுகலை வகுப்பு தமிழ் மாணவர்களுக்கு எங்கே இருந்தது? அவர் பர்மிங்காமுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று இருபத்தொரு வயதில், பத்து மொழிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து தன் மொழியை அவர்களுக்கு விளக்கும் வாய்ப்பு இங்கேயே கிடைக்கிறது. அதை முனைவர் பட்டம்வரை தள்ளிப்போட்டால், தமிழைத் தமிழருக்கு மட்டுமே விளக்கிப் பழகிய மனம் இறுகிவிடும் என்பது என் அச்சம். வேலையைப் பொறுத்தவரை சகோதரி சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (மறுமொழி):

மனம் இறுகும் என்று தம்பி சொன்னது என்னைப் போன்றவர்களைக் குறித்துத்தானோ என்னவோ! இருக்கட்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழருக்கு மட்டுமே தமிழ் நடத்தியவன் என்ற முறையில், அந்த அச்சத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

நாஞ்சில் மாணவி (மறுமொழி):

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பதினான்கு மாதம் கோப்பு நடந்த கதையை மட்டும் இருமுறை படித்தார். முதுகலைத் தமிழுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒப்பிலக்கியத்துக்கான பொது நுழைவுத்தேர்வுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது என்றும், எது முதலில் என்பதை முடிவுகள் வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்றும் வீட்டில் உடன்பாடு ஆகியிருக்கிறது.

மொழியை மட்டும் முடிவுசெய்துவிட்டேன். பத்து நாட்களாகப் பாட்டியிடம் மலையாள எழுத்துப் படிக்கிறேன். பாட்டிக்கே கூட்டெழுத்துகள் சில மறந்துவிட்டன. இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். நேற்று வடசேரி பேருந்து நிலையத்தில் கேரள அரசுப் பேருந்து ஒன்றின் பலகையில் திருவனந்தபுரம் என்று படித்தேன். அது அங்கேதான் போகும் என்பது முன்பே தெரியுமாதலால் அதைப் படித்ததாகக் கொள்ளலாமா என்பது ஐயம்தான். அதன் கீழே வழியில் நிற்கும் ஊர்களைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, நெய்யாற்றின்கரை என்று கண்டுகொண்டேன். ஆனால் நம் ஐகாரம் அங்கே இல்லை. 'கர' என்று அகரத்திலேயே முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டதற்கு, தலையை தல என்றுதானே நான் சொல்வேன், நீ இவ்வளவு நாள் கவனிக்கவில்லையா என்றார்.